பத்து விநாடிக் காகிதம்

"ஈசிஜியிலேயே தெரிஞ்சுபோச்சு சார், ஹார்ட் அட்டாக்தான்." சென்ற வாரம் ஹைதராபாத் பாலாநகரில் ஒரு நர்சிங் ஹோம் வாசலில் பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். அதைக் கேட்டு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அவன் அப்பா டயாலிசிஸில் இருப்பவர். ஊருக்குப் போன இடத்தில் இரண்டு முறை தவறிவிட்டது. கை கால் துவண்டு கிடந்தவருக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது, டயாலிசிஸ் தவறினால் ரத்தத்தில் ஏறும் பொட்டாசியத்தை. ஈசிஜி இயந்திரமோ காகிதத்தின் தலையில் மாரடைப்பு என்று அச்சடித்தது. உடனே ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

ஈசிஜி காட்டுவது மின்சாரத்தை. ரத்தக்குழாய் அடைப்பை அது நேரில் பார்ப்பதில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 7, 8 என்று ஏறினால் ஈசிஜிக் கோட்டில் டி அலை கூடாரம்போல் நிமிரும், கியூஆர்எஸ் அகலும், சிலருக்கு எஸ்டி பகுதி மாரடைப்பில் போலவே உயரும். அடைப்பு எதுவும் இருக்காது. பிறகு வந்த டியூட்டி டாக்டரம்மா "கடைசி டயாலிசிஸ் எப்போ?" என்று கேட்டார். கால்சியம் குளுக்கோனேட் ஏற்றச் சொன்னார். சில நிமிடங்களில் கோடு மாறியது. மலிவான மருந்து, ஒரே ஒரு கேள்வி! இதைக் கேட்காமல் காகிதத்தைக் கும்பிடுவதற்குப் பெயர் வைத்தியமா?

மூளையில் ரத்தம் கசிந்தாலும் ஈசிஜி மாரடைப்பு வேடம் போடும். அப்படிப்பட்டவருக்குப் போய்க் கட்டைக் கரைக்கும் ஊசி போட்டால் கசிவு பெருகி ஆளே போய்விடுவார்.

"ஈசிஜி நார்மல், வெறும் கேஸ்தான்" என்று வீட்டுக்கு அனுப்புவது இதே மூடநம்பிக்கையின் மறுபக்கம். அந்தக் காகிதம் பிடிப்பது வழக்கமாகப் பத்து விநாடி இதயத்தை. மாரடைப்பின் தொடக்கத்தில் அது சரியாகவே இருக்கலாம். திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனினை ரத்தத்தில் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஈசிஜி படத்தை அனுப்பி, நோயாளியைக் கண்ணால் காணாத சொந்தக்கார டாக்டரிடம் தீர்ப்புக் கேட்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. டயாலிசிஸ் தவறியது அந்தப் படத்தில் எங்கே தெரியும்?

1961-இல் தொடங்கிய அரசு மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல். நாட்டுக்கே மருந்து செய்தது இதே பாலாநகரில். அந்த ஊரில் அன்றிரவு பொட்டாசியம் பார்க்க ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர விடிந்துவிட்டது. பொட்டாசியத்தையும் காட்டும் ரத்த வாயுப் பரிசோதனைக் கருவி இருந்தால் அது சில நிமிட வேலை. எமர்ஜென்சி என்று பலகை மாட்டும் ஒவ்வொரு நர்சிங் ஹோமிலும் அதைக் கட்டாயமாக்க வேண்டும், இந்த ஆண்டே.