மரக்கழிவும் மலைவாசிகளும்

நிலக்கரிக்குப் பதிலாக மரத்தை எரித்தால் பூமியின் உஷ்ணம் ஏறாது என்ற அபிப்பிராயம் இந்நாளில் வெகுவாகப் பரவி வருகிறது. வெட்டிய மரம் மீண்டும் வளர்ந்து, வெளிவிட்ட கரியமிலவாயுவை உட்கொண்டுவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஐரோப்பாவில் இக்கொள்கை சட்டத்திலேயே ஏறியிருக்கிறது. இங்கிலாந்தின் டிராக்ஸ் மின்சார நிலையம் அமெரிக்கக் காட்டு மரத்தை அரைத்து இறுக்கிய துண்டுகளாகக் கப்பலில் வரவழைத்து எரிக்கிறது.

இக்காரணம் பாதி உண்மையே. ஐக்கிய நாடுகளின் பருவநிலை நிபுணர் குழு 2006-ம் வருஷத்தில் வகுத்த அளவுப்படி, ஒரே அளவு உஷ்ணத்துக்கு நிலக்கரி 95 பங்கு கரியமிலவாயுவை விட்டால், விறகு 112 பங்கு விடுகிறது. புகைபோக்கியில் இதைப் பூஜ்யமென்று எழுதுவது, வெட்டுண்ட காட்டின் கணக்கில் பற்று எழுதப்படும் என்ற நம்பிக்கையின் பேரில்தான். அந்தப் பற்றைச் சரிபார்ப்பவர் யார்? ஒரு மணி நேரத்தில் எரியும் மரம் வளரப் பல வருஷங்கள் செல்லும். அதுவரை உஷ்ணம் நமக்குத் தவணை கொடாது.

இது தூரதேசத்து விவகாரமன்று. அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு நூற்றுக்கு 5 பங்கு தாவர எரிபொருளைக் கலக்க வேண்டுமென்று 2021-ல் மத்திய சர்க்கார் உத்தரவிட்டனர். அது முக்கியமாக வைக்கோல் முதலிய பயிர்த்தாள்களைக் கருதியது. ஆயினும் திருப்பூர்ச் சாயச்சாலைகளின் கொதிகலன்கள் விறகையும் எரிக்கின்றன. தேவை பெருகினால் வியாபாரிகளின் பார்வை ஜவ்வாது மலை போன்ற காடுகளின் மேல் விழாதென்பதற்கு என்ன உத்தரவாதம்? ரயில் வந்த புதிதில் என்ஜின்களின் விறகுக்காகச் சென்னை மாகாணத்துக் காடுகள் பட்ட பாட்டை நாம் மறப்பதற்கில்லை.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினருக்குச் சுள்ளி கழிவன்று, அடுப்பெரிக்கும் பொருள். ரிஸர்வ் காட்டில் அனுமதியின்றி விறகெடுப்பதை 1882-ம் வருஷத்து வனச்சட்டம் குற்றமாக்கிற்று. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டமோ சுள்ளியையும் அடிக்கட்டையையும் சிறு வனப்பொருள்களில் சேர்த்து, அவற்றைச் சேகரித்து விற்கும் உரிமையைக் காட்டுவாசிகளுக்கு அளித்தது. ஆலைக்காரர் கழிவென்பதைச் சட்டம் ஏழையின் சொத்து என்கிறது.

மரத்தூள், உமி முதலியவற்றை எரிப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அவை எப்படியும் மக்கிப்போகிறவை. ஆனால் முழு மரத்தைக் கழிவென்று பெயரிட்டு எரிப்பதை அனுமதிக்கலாகாது. ஆலைக்கு வரும் ஒவ்வொரு வண்டி விறகும் எக்காட்டினது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். மலைக்காட்டு விறகானால் கிராம சபையின் சம்மதம் பெற வேண்டும். புகைபோக்கியின் கணக்கை ஒளிக்காமல் வெளியிட வேண்டும். சர்க்கார் இம்மூன்றையும் தாமதமின்றிச் சட்டமாக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.