தேடுபொறிகளின் தன்சார்பு: நிலைப்பாட்டு அறிக்கை

தேடுபொறியை நடத்தும் நிறுவனத்துக்கே வரைபடம், விலை ஒப்பீடு, விமானப் பயணம், காணொளி போன்ற வேறு தொழில்களும் இருக்கும்போது, முடிவுப் பக்கத்தில் அவை மற்றவர்களின் சேவைகளைவிட நல்ல இடத்தைப் பெறுகின்றனவா என்பதே தன்சார்பு பற்றிய கேள்வி. பெறுகின்றன என்பது இவ்வமைப்பின் நிலைப்பாடு. ஆனால், இணைப்புகளின் வரிசை முழுவதும் உரிமையாளருக்காக வளைக்கப்படுகிறது என்று சொல்ல ஆதாரம் போதாது. நிரூபிக்கப்பட்ட சாய்வு பெரும்பாலும் வேறோர் இடத்தில் இருக்கிறது. வரிசைக்கு மேலேயோ பக்கத்திலேயோ படமும் விலையுமாக வைக்கப்படும் பெட்டிகளே அந்த இடம். மற்றவர்கள் கடந்தாக வேண்டிய சோதனையை அந்தப் பெட்டிகள் கடப்பதில்லை.

இந்தச் சிக்கல் இணையத்துக்கு முந்தியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சேபர் என்ற முன்பதிவுக் கணினி அமைப்பையும், யுனைடெட் அப்பல்லோ என்ற அமைப்பையும் பயண முகவர்களின் மேசைக்குக் கொண்டுபோயின. முகவர்கள் பெரும்பாலும் முதல் திரையில் தெரிந்த விமானங்களையே பதிவுசெய்தார்கள். அந்தத் திரையில் அமைப்பின் உரிமையாளருடைய விமானங்களுக்கே முன்னிடம் கிடைத்தது. இடுகிறவள் தன்னவளானால் கடைப்பந்தியில் உட்கார்ந்தால் என்ன என்ற பழமொழிக்குக் கணினி வடிவம் வந்தது அப்போதுதான். 1984இல் அமெரிக்கச் சிவில் விமானப் போக்குவரத்து வாரியம் இதற்கு விதி வகுத்தது: வரிசைப்படுத்தும் அளவுகோல் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், விமானம் யாருடையது என்பது அளவுகோலில் சேரக் கூடாது. ஐரோப்பாவிலும் 1989இல் இத்தகைய நடத்தை விதி வந்தது. அமெரிக்க விதிகள் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டன. அதற்குள் அந்நாட்டு விமான நிறுவனங்கள் அந்த அமைப்புகளின் உரிமையிலிருந்து விலகிவிட்டிருந்தன. உரிமையும் வரிசையும் ஒரே கையில் இருக்கும்வரைதான் விதி தேவைப்பட்டது என்பது இதில் கவனிக்கத்தக்கது.

விளம்பரத்தால் வாழும் தேடுபொறி நுகர்வோரைவிட விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று 1998இல் ஓர் ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பு எச்சரித்தது. எழுதியவர்கள் செர்கெய் பிரின், லாரி பேஜ். கூகுளைத் தொடங்கியவர்களும் இவர்களே.

மிக விரிவாக ஆராயப்பட்ட வழக்கு கூகுளின் விலை ஒப்பீட்டுச் சேவை பற்றியது. 2002இல் ஃப்ரூகிள் என்ற பெயரில் தொடங்கிய அது சந்தையில் எடுபடவில்லை. எடுபடவில்லை என்பதை நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு உள் ஆவணம் ஒன்றே ஒப்புக்கொண்டது. 2008 முதல் போக்கு மாறியது. பொருள் தேடுபவரின் திரையில் கூகுளின் ஒப்பீட்டுப் பெட்டி உச்சியில் அமர்ந்தது. வேறு தளங்களிலிருந்து தகவல் திரட்டிக் காட்டும் பக்கங்களைத் தாழ்த்தும் அல்காரிதம்கள் போட்டி ஒப்பீட்டுத் தளங்களைக் கீழே தள்ளின. ஒப்பீட்டுத் தளம் என்றாலே கடைகளின் தகவலைத் திரட்டிக் காட்டுவதுதான். கூகுளின் சேவையும் அதையேதான் செய்தது. ஆனால் அந்த அல்காரிதம்கள் அதன்மேல் பாயவில்லை. பிரிட்டனின் ஃபவுண்டெம் என்ற சிறிய ஒப்பீட்டுத் தளம் 2009இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2010 நவம்பரில் விசாரணை தொடங்கியது. 2017 ஜூன் 27 அன்று 242 கோடி யூரோ அபராதத்துடன் முடிவு வந்தது.

அபராதத் தொகையைவிட, அந்த முடிவுக்கு அடிப்படையான அளவீடுகளே முக்கியமானவை. ஆணையம் சுமார் 170 கோடித் தேடல்களின் தரவை ஆராய்ந்தது. போட்டித் தளங்களில் மிக மேலே வந்ததுகூடச் சராசரியாக நான்காம் பக்கத்தில்தான் தென்பட்டது. கணினியில் தேடுவோரின் சொடுக்குகளில் சுமார் 95 விழுக்காடு முதல் பக்கத்தின் 10 முடிவுகளுக்கே போகின்றன. இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்குக் கிடைப்பது சுமார் 1 விழுக்காடு. மேலே இருப்பது பொருத்தமானது என்பதால்தானே மக்கள் அதைச் சொடுக்குகிறார்கள் என்ற மறுப்புக்கும் பதில் இருந்தது: முதல் முடிவை அப்படியே மூன்றாம் இடத்துக்கு நகர்த்தினால் அதன் சொடுக்குகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றன. பக்கத்தின் உள்ளடக்கம் மாறவில்லை, இடம் மட்டுமே மாறியது. முறைகேடு தொடங்கிய பின் கூகுள் சேவைக்கு வந்தோர் எண்ணிக்கை பிரிட்டனில் 45 மடங்காகவும் ஜெர்மனியில் 35 மடங்காகவும் உயர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2021 நவம்பரிலும், அதற்கு மேலான நீதிமன்றம் 2024 செப்டம்பர் 10 அன்றும் இந்த முடிவை உறுதிசெய்தன. புகார் கொடுத்து இறுதித் தீர்ப்பு வர ஏறத்தாழப் 15 ஆண்டுகள். அதற்குள் அந்தத் துறையின் போட்டியாளர்களில் பலர் நலிந்துபோனார்கள்.

மறுதரப்புச் சான்றுகளையும் இவ்வமைப்பு எடைபோட்டது. அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் 2013 ஜனவரி 3 அன்று தன் விசாரணையை முடித்துக்கொண்டது. முடிவுப் பக்க மாற்றங்களைப் பயனருக்கான மேம்பாடாகவும் கொள்ள முடியும் என்றது அது. லண்டன் உயர் நீதிமன்றம் 2016இல் ஸ்ட்ரீட்மேப் தொடுத்த வழக்கில் கூகுளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஓர் ஊரின் பெயரைத் தேடுபவருக்கு அங்கேயே சிறு வரைபடம் காட்டுவது முறைகேடு அல்ல என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பில் நியாயம் உண்டு. வானிலை கேட்பவருக்கு 10 இணைப்புகளைக் கொடுத்து அலையவிடுவது யாருக்கும் பயன் தராது. ஆனால் நேரடியாகப் பதில் சொல்வது வேறு, பதில் எப்போதும் தன் கடையிலிருந்தே வர வேண்டும் என்பது வேறு. முதலாவதை ஏற்பதால் இரண்டாவதை ஏற்க வேண்டியதில்லை. 2011இல் வந்த இரண்டு கல்வியாளர் ஆய்வுகள் எதிரெதிர் முடிவுகளைச் சொன்னதையும் இங்கே நினைவுகொள்ளலாம். ஒன்றை எழுதியவர்களில் ஒருவர் மைக்ரோசாஃப்டுக்கு ஆலோசகராக இருந்தவர்; மற்றொன்று கூகுளின் நிதியுதவி பெற்றது. தரவு நிறுவனங்களின் கையில் மட்டும் இருந்தால் ஆய்வும் இப்படித்தான் வரும்.

இந்தியாவில் இந்த விவகாரத்தின் தொடக்கத்தில் ஒரு சென்னை நிறுவனம் இருக்கிறது. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் மேட்ரிமோனி.காம் நிறுவனமும் ஜெய்ப்பூரைச் சேர்ந்த கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் தனித்தனியே புகார் அளித்தன. 2018 பிப்ரவரி 8 அன்று ஆணையம் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூகுளின் சிறப்புத் தொகுப்புகள் 2010க்கு முன்பு 1, 4, 10 ஆகிய இடங்களில் அமரும்படி முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தன என்பது அதன் கண்டறிவுகளில் ஒன்று. பொருத்தத்தைப் பார்த்து இடம் தரப்படுகிறது என்று பயனர் நம்பிக்கொண்டிருந்தபோது இடம் முதலிலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. விமானப் பயணப் பெட்டியைத் தனியே முன்னிறுத்தியதையும் ஆணையம் குற்றமாகக் கண்டது. விளம்பர ஏலம் குறித்த புகார்களை ஏற்கவில்லை. உறுப்பினர்கள் இருவர் பெரும்பான்மை முடிவிலிருந்து மாறுபட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இது கூகுளின் தனிக்குணம் அல்ல. தென்கொரியாவின் நேவர் தன் கடைத்தேடலிலும் காணொளித் தேடலிலும் சொந்தச் சேவைகளை உயர்த்தியதாக அந்நாட்டின் போட்டி ஆணையம் 2020இல் சுமார் 2,670 கோடி வொன் அபராதம் விதித்தது. நேவர் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. அமேசானின் இந்தியப் பிரிவு தன் சொந்தப் பிராண்டுகளைத் தேடல் முடிவுகளில் முன்னுக்குக் கொண்டுவந்தது என்று நிறுவனத்தின் உள் ஆவணங்களைக் கொண்டு ராய்ட்டர்ஸ் 2021 அக்டோபரில் செய்தி வெளியிட்டது, நிறுவனம் மறுத்தது. தேடுபொறி பொதுவானதா கடைக்குரியதா என்ற வேறுபாடு இங்கே பெரிதாகத் தெரியவில்லை.

அபராதம் மட்டும் நிலைமையைச் சரிசெய்யாது என்பதற்கும் 2017 முடிவே சான்று. அதன்பின் கூகுள் தன் ஒப்பீட்டுச் சேவையைத் தனிப் பிரிவாக்கி, பெட்டியின் இடங்களுக்குப் போட்டியாளர்களும் ஏலம் கேட்கலாம் என்று அறிவித்தது. தன் பிரிவும் அதே ஏலத்தில் பங்கெடுத்தது. போட்டியாளர் தரும் ஏலத்தொகை கூகுளுக்கே வருகிறது. கூகுளின் பிரிவு தரும் தொகை ஒரு பையிலிருந்து மறுபைக்குப் போகிறது. இதைச் சமநிலை என்று இவ்வமைப்பு கருதவில்லை.

ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் தன்சார்பை நேரடியாகவே தடைசெய்கிறது. அதன் கடமைகள் 2024 மார்ச்சில் கூகுளுக்கு நடைமுறைக்கு வந்தன. அதே மாதம் விசாரணையும் தொடங்கியது. 2025 மார்ச்சில் ஆணையம் தெரிவித்த முதற்கட்டக் கருத்தும் கூகுள் தேடல் விதியை மீறுகிறது என்பதே. இந்தியாவில் 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதா வரைவிலும் தன்சார்புத் தடை இருக்கிறது. அந்தத் தடையை இவ்வமைப்பு ஆதரிக்கிறது. நேரடிப் பதில்களை ஒழிப்பதற்காக அல்ல. ஒரு பெட்டி வைக்கப்படுமானால் அதில் யார் இடம்பெறுவது என்பதை இணைப்புகளுக்கான அதே அளவுகோல் தீர்மானிக்க வேண்டும் என்பதற்காக. உரிமையாளரின் சேவை காட்டப்படும் இடத்தில் அது உரிமையாளருடையது என்ற குறிப்பு தமிழ் உட்படப் பயனரின் மொழியில் இருக்க வேண்டும். நிறுவனத்திடம் நிதி பெறாத ஆய்வாளர்களுக்கு, தேடியவரின் அடையாளம் நீக்கப்பட்ட முடிவுத் தரவு கிடைக்க வேண்டும். வழக்கு முடியும்வரை நிலைமை அப்படியே தொடராமல் தடுக்கும் இடைக்கால ஆணைகளுக்குக் காலவரம்பும் சட்டத்திலேயே வேண்டும். முடிவுப் பக்கத்தின் உச்சியில் இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்கப் பதில்களுக்கும் அவை காட்டும் மூலங்களுக்கும் இந்த விதிகள் பொருந்தும் என்று வரைவில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும் என இவ்வமைப்பு கோருகிறது.