பட்டம் வாங்காத பாட்டு டீச்சர்

யூதர்களின் ஜெப ஆலயத்தில் பிரார்த்தனைப் பாடல்களைப் பாடி நடத்துபவரை 'கேன்டர்'னு சொல்வாங்க. அமெரிக்காவின் டெபி ஃப்ரீட்மேன் அதுக்குப் படிச்சுப் பட்டம் வாங்கினவர் இல்லை. கையில் ஒரு கிடார், அவ்வளவுதான்! சும்மா கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்த கூட்டத்தையே சேர்ந்து பாட வெச்சார்.

நோயாளிகளுக்கான பழைய பிரார்த்தனைக்கு, ஹீப்ருவும் ஆங்கிலமும் கலந்து அவர் தந்த பாட்டு ரொம்பப் பிரபலம். 2011 ஜனவரியில் நிமோனியாவில் அவரே படுத்தப்போ, அந்தப் பாட்டை அவருக்காகப் பாடினாங்க. ஆனா, ஜனவரி 9-ல் போயிட்டார். வயசு 59தான்.

பாட்டு அவரைக் காப்பாத்தலையேன்னு கேட்காதீங்க. அழுதவங்களைத் தாங்கினதும் அதே பாட்டுதான். அந்த வருஷமே, அவர் பாடம் நடத்தின கேன்டர் பயிற்சிப் பள்ளிக்கு அவர் பேரையே வெச்சாங்க.

உங்க ஹாஸ்டல் ரூம்ல தூங்குற கிடாரைக் கொஞ்சம் எழுப்புங்களேன்!