சின்னக் காரும் ஒரு கூடாரமும்

வெள்ளிக்கிழமை மாலையில் எண்ணம் உதித்து, சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டுவிடும் பிரயாணத்துக்கு ஒரு தனிச்சுவை உண்டு. நாள் பார்த்து, விடுதியில் அறை பிடித்து, பட்டியல் எழுதிக்கொண்டு செல்வோர் அதனை அறியார். நமது தேசமும் இதற்கு ஏற்றதே. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடையும் ஏ4 வீதியின் நீளம் சுமார் 430 கிலோமீற்றர். மேல்கடலோரத்திலிருந்து கீழ்க்கடலோரம் சேர இந்த ஒரு வீதியே போதும்.

இதற்குப் பெரிய வாகனம் வேண்டுமென்று எண்ணுவோர் உளர். ஊவாவின் தோட்டப் பாதைகளை அறிந்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். அன்று மொரிஸ் மைனர் ஏறி இறங்கிய வளைவுகளில் இன்று மாருதி ஆல்ட்டோ ஏறி இறங்குகிறது. எதிரே கொழுந்து லொறி வந்தால், சின்னக் கார்தான் எளிதில் ஒதுங்கும். இறக்கத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்குக. பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறி வலுவிழக்கும்.

பெரகலையில் வீதி பிரிகிறது. மேலே ஏறினால், சுமார் 1430 மீற்றர் உயரத்திலுள்ள ஹப்புத்தளையும், அப்பால் பண்டாரவளையும், ஹாலிஎலயும், பதுளையும் வரும். பதுளைக்கு அருகே துன்ஹிந்தை அருவி. நகருக்கு மேலே நமுனுகுலை மலை. பெரகலையிலிருந்து நேரே இறங்கினால் கொஸ்லந்தையும், 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவியும் காத்திருக்கும். எவ்வழியே சென்றாலும், அந்தி சாயும் வேளையில் ஒரே கேள்விதான் எழும்: கூடாரத்தை எங்கே அடிப்பது?

இக்கேள்வியை அற்பமாக எண்ணலாகாது. தேயிலை மலை யாருமற்ற வெளியன்று. அது பலரின் உழைப்பிடம், பலரின் குடியிருப்பு. தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்பதே மரியாதை. வனஜீவராசிகளுக்குரிய பூங்காக்களில், திணைக்களத்தின் முன் அனுமதியின்றித் தங்கவே கூடாது. பொத்துவிலை நெருங்கும்போது வீதி லகுகலைக் காட்டின் ஊடே செல்கிறது. அங்கே இரவு யானைகளுக்குரியது. பருவமும் பார்க்க வேண்டும். ஊவாத் தேயிலைக்கு மணமூட்டும் ஆடி, ஆவணி மாதத்து வறண்ட காற்று கூடாரத்தின் கயிற்றையும் சோதிக்கும். ஐப்பசி முதல் தை வரையோ மழைக்காலம்.

அம்மழைக்காலத்தில் சரிவின் அடியில் படுப்பது ஆபத்து. எங்கே படுக்கலாம் என்பதைத் தேசப்படம் சொல்லாது; லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் முதியவர் சொல்லுவார். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், மலையிலிருந்து திடீரெனக் கலங்கி ஊறும் நீர் ஆகியவை அவர் கண்ணுக்குத் தப்பா. "தம்பி, அந்த ஓரம் வேணாம், மேல வாங்க" என்று அவர் சொன்னால், காட்சி எவ்வளவு அழகாயினும் மறுபேச்சின்றி எழுந்துவிட வேண்டும்.

எழுந்துவிட நம்மால் முடியும். கூடாரத்தைச் சுருட்டிக் காரின் பின்புறத்தில் போட்டுக்கொண்டு வேறிடம் தேடலாம். அறிவுரை சொன்ன அம்முதியவரோ அதே சரிவின் கீழ்தான் அன்றிரவும் உறங்கியாக வேண்டும்.

கொஸ்லந்தைக்கு அருகே மீரியாபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனால் எழுந்து போகச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் அம்மக்களுக்கு இருக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்து உயிர்களைக் கொண்டன.

இவற்றைச் சொல்வது உல்லாசத்தைக் கெடுப்பதற்காக அன்று. போகலாம், மனம் உந்தும்போதே போகலாம். தோட்டத்துக் கடையிலேயே ரொட்டியும் தேத்தண்ணீரும் வாங்குங்கள். அந்தக் காசு அங்கேயே தங்கும். லயங்களை வேடிக்கைப் பொருளாக்கிப் படம் பிடிக்காதீர்கள். குப்பையைக் காரிலேயே எடுத்துவாருங்கள். இடம் காட்டிய பெரியவரிடம் விடைபெறும்போது, "ஐயா, உங்களுக்குப் பத்திரமான இடத்தில் வீடும் காணியும் கிடைத்ததா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்லும் விடையை ஊர் திரும்பியபின் நாலு பேரிடமாவது சொல்லுங்கள்.