கடைசியா எப்ப சுட்டனியள்?

கிளிநொச்சி நகரத்தில் ஒரு வங்கி, பெயர் வேண்டாம். வாசலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு, அறுபது வயது மதிக்கத்தக்க காவலாளி ஒருவர் இருப்பார். மடியில் ரிப்பீட்டர் துவக்கு. மரப்பிடியில் வார்னிஷ் போய், கை படுகிற இடம் மட்டும் கறுத்து மினுங்கும். தோல்வார் அறுந்த இடத்தில் நைலோன் கயிற்றால் ஒரு முடிச்சு. குழல், படியேறி வருகிறவர்களின் முழங்காலைப் பார்த்தபடி கிடக்கும். ஓய்வூதியம் எடுக்க வருகிற ஆச்சிமாரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

"அண்ணை, உந்தக் குழலைக் கொஞ்சம் மேல பிடிச்சால் என்ன?"

"பயப்பிடாதேங்கோ தம்பி. ரவை மேனேஜரின்ரை லாச்சிக்குள்ள."

"கடைசியா எப்ப சுட்டனியள்?"

என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். "உதாலையோ?" என்று கேட்டார்.

நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். வன்னியில் ஒரு மனிதரிடம் அதற்கு மேல் கேட்கிற வழக்கமும் இல்லை.

எங்கள் சனத்துக்குத் துவக்கைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2008 ஒக்ரோபரில் அக்கராயன்குளக் கட்டுவரை சண்டை வந்தபோது சட்டிபானையோடு தருமபுரம், விசுவமடு என்று ஓடியவர்கள் நாங்கள். எங்கோ ஒரு வெடி கேட்டால் அது என்ன ஆயுதம், எவ்வளவு தூரம் என்று அடுப்படியில் இருந்தே சொல்லக்கூடிய அம்மாமார் இங்கே இருக்கிறார்கள். ஆனால் துவக்கு வைத்திருக்கிற ஆளிடம் கேட்கவேண்டிய சாதாரணக் கேள்விகளை மட்டும் நாங்கள் கேட்பதேயில்லை. யார் தந்தது, யார் பழக்கினது, பழக்கி எவ்வளவு காலம்?

துவக்குக்கான சட்டம் இந்த நாட்டில் 1916ஆம் ஆண்டினது. சுடுகலன் கட்டளைச் சட்டம், 33ஆம் இலக்கம். வெள்ளைக்காரன் போட்டது, பிறகு திருத்தித் திருத்தி, 1996இல் தண்டனைகளைக் கூட்டினார்கள். பன்றி விரட்ட அக்கராயனில் ஒரு கமக்காரன் சொட்கன் எடுக்க வேண்டுமென்றால் கிராம அலுவலர், பொலிஸ், மாவட்டச் செயலகம் என்று ஏறி இறங்கவேண்டும். கிடைத்தாலும் வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் காட்டோரத்தில் இடியன் துவக்கு. அதைவிட மோசமாக, மிருகம் வரும் பாதையில் கட்டிவைக்கிற கட்டுத்துவக்கு. பன்றிக்கென்று வைத்தது விறகுக்குப் போனவனின் காலைத் தூக்கிவிடும்.

தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளை 2024 கடைசியில் பாதுகாப்பு அமைச்சு திரும்பக் கேட்டது. வெலிசறைக் கடற்படை முகாமில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொன்னார்கள். காலக்கெடு 2025 ஜனவரி வரை இழுபட்டது. நல்ல வேலைதான். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது; அதே அமைச்சில் பதியவேண்டும். காகிதத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. கதிரையில் இருக்கிறவரின் கையும் கண்ணும் எப்படி என்பதுதான் அந்தக் காகிதத்தில் வராது.

காவலுக்குக் கொடுத்த துவக்கே காவலாளியைக் கொன்ற கதை எங்கள் மாகாணத்தில் நடந்தது. 2017 ஜூலை 22, சனிக்கிழமை பின்னேரம், நல்லூர். யாழ். மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியனின் வாகனம் கோயிலடிப் பக்கத்துச் சந்திக்கு வருகிறது. சார்ஜன்ட் ஹேமச்சந்திர பல வருடங்களாக அவருடைய மெய்ப்பாதுகாவலர். சந்தி நெரிசலில் அவருடைய இடுப்பிலிருந்த பிஸ்டலை ஒருவன் பறித்தான். அதே பிஸ்டலால் அவரைச் சுட்டான். இன்னொரு காவலரும் காயப்பட்டார். ஹேமச்சந்திர அன்றிரவு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். அவருடைய மனைவியின் காலடியில் நீதிபதி விழுந்து அழுத படம் நாடு முழுக்கப் போனது. தமிழ் நீதிபதி, சிங்களப் பொலிஸ்காரர் என்று எல்லாரும் அந்தப் படத்தைப் பற்றியே எழுதினார்கள். எழுத வேண்டிய படம்தான். ஆனால் அந்தப் பிஸ்டல் உறையைப் பற்றி எழுதியதை நான் எங்கும் வாசிக்கவில்லை.

இடுப்புத் துவக்கைப் பிறத்தியார் பறிக்காமல் காப்பது தனியான ஒரு பயிற்சி. இழுத்தவுடன் கழன்று வராத பூட்டுள்ள உறை வேண்டும். சனத்துக்குள் நிற்கும்போது துவக்குப் பக்கத்தை ஆட்களுக்கு மற்றப் புறமாகத் திருப்பி நிற்கப் பழகவேண்டும். பிறர் கை உறையில் பட்ட மாத்திரத்தில், பிடியைத் தன் கையால் அமர்த்திக்கொண்டு உடம்பைச் சுழற்றவேண்டும். யோசித்துச் செய்ய நேரம் கிடைக்காது. பலநூறு தரம் செய்து பழகிய உடம்புதான் செய்யும். ஒரு மனிதர் தன் உயிரைப் பணயம் வைத்து இன்னொருவருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்றால், அந்தப் பழக்கத்தை வருடாவருடம் அவருக்குப் புதுப்பித்துக் கொடுப்பது திணைக்களத்தின் கடன்.

அடுத்த வருடம் மட்டக்களப்பில் இன்னொன்று. 2018 நவம்பர் 30 விடியப்புறம், வவுணதீவுச் சோதனைச்சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். அவர்களிடமிருந்த துவக்குகளும் போயின. முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகுதான், அவற்றை நடத்திய சஹ்ரானின் ஆட்களே அதையும் செய்தது என்று வெளிவந்தது. பொலிஸின் துவக்கு பறிபோனால் அது எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

பறிகொடுப்பது ஒரு பக்கம். வைத்திருக்கிறவரே சுடுவது மற்றப் பக்கம். 2016 ஒக்ரோபர் 20 இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் மோட்டார்சைக்கிளில் போன யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் எங்கள் கிளிநொச்சிப் பிள்ளை. முதலில் விபத்து என்றார்கள். பிரேத பரிசோதனையில், ஓட்டிவந்தவரின் உடம்பில் சூட்டுக் காயம். ஐந்து பொலிஸார் கைதானார்கள். மறித்தும் நிற்கவில்லை என்றார்கள். நிற்காத மோட்டார்சைக்கிளின் இலக்கத்தைக் குறிக்கலாம், அடுத்த சந்திக்கு அறிவிக்கலாம், விடிந்த பிறகு வீட்டுக்கே போய்ப் பிடிக்கலாம். சுட்ட ரவையை எந்த ஓ.ஐ.சி.யாலும் திருப்பிக் கூப்பிட முடியாது.

1990இல் ஹவானாவில் நடந்த ஐ.நா. மாநாடு, பொலிஸார் துவக்கைப் பாவிப்பது பற்றிய அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றது. உயிருக்கோ பாரதூரமான காயத்துக்கோ உடனடி ஆபத்து இருந்தாலொழிய ஆளை நோக்கிச் சுடக்கூடாது. சுடுமுன் தான் யாரென்று சொல்லி, தெளிவாக எச்சரிக்கவேண்டும். அதற்கென்ற விசேட பயிற்சியை முடித்தவருக்கு மட்டும்தான் துவக்குத் தூக்க அனுமதி. இதை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஸ்கந்தபுரம் பக்கம் இரவு பத்து மணி, லைட் இல்லாத வளைவு, ரெயின்கோட் போட்ட ஒருவர் கையைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ கத்துகிறார். பொலிஸா, ஆமியா, வழிப்பறிக்காரனா? லான்ட்மாஸ்டர் இரைச்சலில் தமிழில் கத்தினாலே விளங்காது.

மணல் ஏற்றிய உழவு இயந்திரம் நிற்காமல் போனதால் பொலிஸ் சூடு என்று வன்னியில் எத்தனை செய்தி வாசித்துவிட்டோம். மணல் களவு களவுதான். கனகராயன் ஆற்றைத் தின்கிறவர்களுக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் அதற்கான தண்டனையை நீதவான்தான் கொடுக்கவேண்டும். சில்லுக்குத்தான் சுட்டோம் என்பார்கள். ஓடுகிற சில்லுக்குச் சுட்டு வண்டியை நிறுத்துவது சினிமாவில் சுலபம். குண்டும் குழியுமான கிறவல் றோட்டில், இருட்டில், தூசிக்குள், அந்த ரவை எதில் பட்டு எங்கே தெறிக்கும் என்று சுட்டவருக்கே தெரியாது.

பொலிஸைப் பொலிஸே சுட்ட நாடு இது. 2023 டிசம்பர் 31 அன்று வெலிகமவில் ஒரு ஹோட்டலுக்கு முன்னால் வெடிவைத்துவிட்டு வானில் போன கொழும்புக் குற்றப்பிரிவு அணியை, யாரென்று தெரியாமல் வெலிகமப் பொலிஸார் சுட்டதில் ஒரு சார்ஜன்ட் இறந்தார். அந்த விவகாரம் தேசபந்து தென்னக்கோன்வரை ஏறிப்போனது. 2025 ஓகஸ்டில் நாடாளுமன்றம் அவரைப் பொலிஸ்மா அதிபர் பதவியிலிருந்து நீக்கியது.

லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் போனில் சொல்லுகிற புதினங்களில் ஒன்று, றோட்டில் போகிற பொலிஸ்காரன் இடுப்பில் துவக்கு இல்லை என்பது. அங்கே துவக்குத் தூக்குவது விரும்பி ஏற்கிற வேலை. பயிற்சியில் தேறவேண்டும், பிறகும் திரும்பத் திரும்பத் தேறவேண்டும். 2023இல், கடமையில் ஒருவரைச் சுட்டுக் கொன்ற பொலிஸ்காரர்மேல் கொலைக் குற்றம் சாட்டியபோது, நூற்றுக்கு மேற்பட்டோர் தங்கள் துவக்கு அனுமதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் ஜூரிமார் அவரைக் குற்றவாளியல்ல என்று விட்டார்கள். கொடுத்தவர்கள் செய்தது சரியோ பிழையோ, துவக்கு என்பது திருப்பிக் கொடுக்கக்கூடிய ஒரு பொறுப்பு என்பதே எங்களுக்குப் புதினம்தான்.

இங்கே நடப்பது விசித்திரம். யுத்தத்துக்குப் பிறகு சிவில் பாதுகாப்புத் திணைக்களம் வன்னியில் ஆயிரக்கணக்கான எங்கள் பிள்ளைகளைச் சேர்த்தது. முன்னாள் போராளிகளும் அதில் அடக்கம். பெயர் பாதுகாப்பு. வேலை பண்ணையில் மரக்கறி, முன்பள்ளியில் பாட்டு. 2018 ஜூனில், அங்கே திணைக்களத்துக்குப் பொறுப்பாக இருந்த கேணல் ரத்னப்பிரிய பந்து மாற்றலாகிப் போனபோது விசுவமட்டில் அழுது வழியனுப்பியவர்கள் இவர்கள்தான். (முன்பள்ளிக்கும் பாதுகாப்பு அமைச்சுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.) துவக்குப் பழகியவர்கள் மண்வெட்டி பிடிக்க, தனியார் நிறுவனச் சீருடைக்குள் மீசை முளைக்காத பொடியன்கள் துவக்கோடு நிற்பதைக் கரடிப்போக்குச் சந்திப் பக்கம் பார்க்கிறேன்.

கனரக வாகனம் ஓட்டுகிறவர் நாலு வருடத்துக்கு ஒருதரம் மருத்துவச் சான்றிதழோடு போய்ப் பத்திரத்தைப் புதுப்பிக்கவேண்டும். பொலிஸ்காரரோ காவலாளியோ, துவக்குத் தூக்குகிறவருக்கும் அப்படியொரு கெடு வேண்டும் என்பதுதான் என் கட்சி. வருடத்தில் ஒருநாள் சுடுதளம், கண் பரிசோதனை, எப்போது சுடக்கூடாது என்று ஒரு வாய்மொழிப் பரீட்சை. தேறாதவர் பொல்லோடு கடமைக்குப் போகட்டும்.

அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தைப் பேசாத தேர்தல் மேடை எங்கள் மாவட்டத்தில் இல்லை. பொலிஸ் அதிகாரம் வேண்டும் என்பார்கள், வேண்டும்தான். மாகாணப் பொலிஸுக்கு என்ன வகைத் துவக்கு, எத்தனை என்பதை மாகாண ஆணைக்குழுவோடு கலந்து பேசித் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவே தீர்மானிக்கும் என்று அதே திருத்தத்தின் பின்னிணைப்பில் 1987இலிருந்து கிடக்கிறது. அந்தப் பக்கத்தை மேடையில் யாரும் புரட்டுவதில்லை. தமிழ்ப் பொலிஸ் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்கிறவர்களுக்கும் சொல்லவேண்டும்: பழகாத கை எந்தப் பாஷை பேசினாலும் பழகாத கைதான்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் விண்ணப்பம் இப்போது என் மேசையில் இருக்கிறது. கிளிநொச்சி மாவட்டப் பொலிஸ் நிலையங்களில் துவக்கோடு கடமைக்குப் போகிறவர்கள் கடைசியாகச் சுடுபயிற்சி எடுத்தது எந்த வருடம்? இரவு ரோந்தில் தமிழில் எச்சரிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? 2020க்குப் பிறகு கடமையில் செலவான ரவைகள் எத்தனை, அவற்றுக்கு விசாரணை நடந்ததா? தனியார் நிறுவனங்களைப் பற்றி, அவற்றைப் பதிகிற பாதுகாப்பு அமைச்சுக்கு இன்னொரு விண்ணப்பம். 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். தேசிய பாதுகாப்பு என்று மறுக்க 5ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். அதற்கு முன், மறுத்த கடிதத்தை இந்தப் பத்தியில் அப்படியே போடுகிறேன்.