கீரை ஆயும் நேரம்

குறைந்த செலவில் சத்தாக உண்ண வழி கேட்டால், முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொள்ளு என்று பட்டியல் நீள்கிறது. பட்டியலில் பிழையில்லை, கேழ்வரகில் அரிசியைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச்சத்து உண்டு. தமிழக நியாயவிலைக் கடைகளில் 2007 முதல் துவரம்பருப்பு மானிய விலையில் கிடைக்கிறது. 2011 முதல் அரிசி இலவசம். ஆனால் கீரை ஆயவும் கொள்ளை ஊறவைத்து வேகவைக்கவும் ஆகும் நேரத்தை யாரும் செலவில் சேர்ப்பதில்லை. காலை 7 மணிக்குக் கூலிவேலைக்குக் கிளம்பும் பெண்ணிடம் இல்லாதது சத்துணவு பற்றிய அறிவல்ல. அந்த அரைமணி நேரம்தான். ஆக்கிப் போட்டுவிட்டுக் கடைசியில் உண்பவளும் அவளே. அதற்குள் கீரையும் பருப்பும் தீர்ந்திருக்கும். எனவே அறிவுரைகளை அவளிடம் சொல்வதை நிறுத்திக்கொள்ளலாம். வீட்டிலுள்ள ஆண்கள் முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரட்டும். மலிவான உணவு அப்போதுதான் உண்மையிலேயே மலிவாகும்.