தீ மூளுமுன் ஒரு வரைபடம்

எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடி மாளிகைகளுக்கு மேற்கே, சிறிது தொலைவில் பன்னர்கட்டா தேசியப் பூங்கா விரிந்துள்ளது. அதன் காடு தமிழ்நாட்டின் தளி வனப்பகுதியோடு இணைகிறது. யானைகள் மாநில எல்லை அறியாமல் இருபுறமும் உலவுகின்றன. காட்டுத்தீயும் எல்லை அறியாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மூண்ட தீயால், மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறு ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டில் பல்லாயிரம் ஏக்கர் கருகியது.

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள்களின் துணையால் தீயைக் கண்டறிந்து வனத்துறையினருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. இப்பணி போற்றத்தக்கது. ஆயினும் செயற்கைக்கோள் காண்பது மூண்டுவிட்ட தீயையே. எவ்விடத்தில் மூண்டால் தீ எத்துணைக் கடுமையாக எரியும் என்பதை முன்னரே அறிதல் வேண்டும்.

அதனைக் கணிக்க இயலும். எரியத்தக்க சருகும் புல்லும் மிகுந்த இடத்தில் வெப்பம் மிகும். காற்றும் வறட்சியும் தீயை விரைவுபடுத்தும். மலைச்சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் தரைத்தீ மரக்கிளைகளுக்குத் தாவும். இத்தகைய காரணிகளைக் கணக்கிட்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் தீக்கடுமை வரைபடம் உருவாக்கியுள்ளது. வருங்காலத்தில் மிகக்கூடிய வெப்பமும் அதில் கருதப்பட்டுள்ளது.

வரைபடம் தீயை அணைக்குமா எனச் சிலர் வினவலாம். அணைக்காதுதான். ஆனால் தீத்தடுப்புக் கோடுகளை எங்கே அமைப்பது, தீக்காவலரை எங்கே நிறுத்துவது, எந்த மலைப்பாதையைக் கோடையில் மூடுவது என்பவற்றை அது காட்டும். புவி வெப்பம் உயர்ந்துவரும் இக்காலத்தில், இன்றைய நிலைக்கு ஒன்றும் நாளைய நிலைக்கு ஒன்றுமாக இரண்டு வரைபடங்கள் நம் காடுகளுக்குத் தேவை.

அவற்றை வரையக் கணினி மட்டும் போதாது. பிலிகிரிரங்கா மலையில் வாழும் சோலிகர்கள், கடுங்கோடைக்கு முன்பே சருகுகளைச் சிறுதீயால் எரித்து, பெருந்தீக்கு இரை இல்லாமல் செய்துவந்தனர். பின்னர் அவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது. காட்டை இவ்வாறு அறிந்தவர்களின் அறிவும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். வருமுன் காப்பதே அறிவுடைமை. காட்டுக்கும் அது பொருந்தும்.

சிந்தித்து எழுதுக: மூண்ட தீயைக் காட்டும் செய்திக்கும் மூளுமுன் வரையும் வரைபடத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?